தலையணையைத் திருப்பிப் போடும் கரங்கள்



புனே நகரத்திலுள்ள தமிழ்ச் சபை ஒன்றிற்குள் நீங்கள் பிரவேசித்தால், சகோதரிகளின் வரிசையில் ஒரு செவிலியராவது அமர்ந்திருப்பதைக் காண்பீர்கள். அவர் கட்கியிலோ தாபோடியிலோ பிறந்தவராயிருக்கலாம்; பாட்டனார் காலத்தில் வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கென்று வந்து இங்கேயே வேரூன்றிய குடும்பத்தின் பிள்ளை. அல்லது நாசரேத்திலோ மார்த்தாண்டத்திலோ படிப்பை முடித்து, ஒரு பெட்டியோடும் சான்றிதழ்க் கட்டோடும் புனே ரயில் நிலையத்தில் வந்து இறங்கியவராயிருக்கலாம். அவரிடம் நாம் வழக்கமாகக் கேட்கிற கேள்விகள் மூன்று. சம்பளம் எவ்வளவு? இரவுப் பணி உண்டா? வெளிநாட்டுக்கு எப்பொழுது புறப்படுகிறாய்? திருமணத்திற்குப் பெண் பார்க்க வருகிறவர்களும் இம்மூன்றையே சற்று மரியாதையான வார்த்தைகளில் கேட்கிறார்கள்.

"உன் வேலையில் எது உனக்குச் சந்தோஷம் தருகிறது?" என்று கேட்பவரை நான் கண்டதில்லை. ஆகவே கடந்த சில மாதங்களாக, வீடு சந்திப்புக்குச் செல்லும் இடங்களிலெல்லாம் அக்கேள்வியை நானே கேட்டுவந்தேன். பெரிய அறுவை சிகிச்சையில் உதவியதையோ, நின்றுபோன இருதயம் மீண்டும் துடித்ததையோ சொல்லுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் அவற்றை முதலாவது சொல்லவில்லை. ஒரு சகோதரி, படுக்கையில் கிடப்பவருக்கு உடம்பு துடைத்து விடுவதைச் சொன்னார். இன்னொருவர், நரம்பே அகப்படாத முதியவரின் கையில் ஒரே குத்தில் ஊசி ஏறிவிட்டால் அன்று முழுவதும் மனம் லேசாயிருக்கும் என்றார். மூன்றாமவர் சற்று யோசித்து, "ஐயா, சிரிக்கக் கூடாது" என்று முன்னுரை கூறிவிட்டுத் தன் பதிலைச் சொன்னார். அதைப் பின்னர் எழுதுகிறேன்.

உடம்பு துடைத்து விடுதல் என்பது வெளியில் நின்று பார்ப்பவருக்கு ஈரத்துணியும் வாளியுமாகத் தோன்றும். அதைச் சரியாகச் செய்வதற்கு ஒரு முறை உண்டு. திரையை இழுத்து மறைத்து, மின்விசிறியை நிறுத்தி, வெதுவெதுப்பான நீரை எடுத்துக்கொள்ள வேண்டும். முதலாவது கண்களை, சோப்பு இல்லாத நீரில், மூக்கின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்கிறார்கள். பின்பு முகம், கரங்கள், மார்பு, வயிறு, கால்கள். துடைக்கிற பாகத்தை மாத்திரம் திறந்து, மற்ற பாகமெல்லாம் போர்வையின் கீழ் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். நீரை இடையில் மாற்றுகிறார்கள். கூடுமானால் பாதங்களைத் தொட்டிக்குள்ளேயே இறக்கி நனையவிடுகிறார்கள். பல நாட்கள் படுக்கையிலேயே கிடந்தவரின் பாதம் நீரைத் தொட்டவுடன் அவர் முகத்தில் உண்டாகும் மாறுதலைக் காண்பதற்காகவே இவ்வேலையைச் செய்யலாம் என்று அந்தச் சகோதரி கூறினார். பாதங்களைக் கழுவுவதைக் குறித்து நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். தொட்டியில் நீர் எத்தனை சூடாயிருக்க வேண்டும் என்பதை அவரிடமிருந்துதான் கேட்டறிந்தேன்.

அந்தப் பத்து இருபது நிமிடங்களில் செவிலியரின் கண்களும் வேலை செய்கின்றன. கணுக்காலில் நேற்று இல்லாத வீக்கம், முதுகைத் திருப்பும்பொழுது வாங்கும் மூச்சு, பிட்டத்தின் எலும்புக்கு மேல் சிவந்த ஓர் இடம், மறைத்து வைத்திருந்த ஒரு காயம் ஆகிய யாவும் அப்பொழுதே தென்படுகின்றன. சில வேளைகளில் மனதிலுள்ளதும் வெளியே வருகிறது. டாக்டர் சுற்றிவரும்பொழுது "ஒன்றுமில்லை" என்று சொன்ன மனிதர், முதுகைத் துடைத்துக்கொண்டிருக்கும் செவிலியரிடம், முகம் பார்க்காத தைரியத்தில், தன் பயத்தைச் சொல்லிவிடுகிறார்.

திருப்பிப் படுக்க வைப்பதும் இப்படிப்பட்டதே. அசையக் கூடாதவராய்க் கிடப்பவரின் உடல் பாரம் எலும்புகளின்மேல் அழுந்தி, தோலுக்குச் செல்லும் இரத்தத்தைத் தடுக்கிறது. பிட்டம், இடுப்பு, குதிகால், தலையின் பின்புறம் ஆகிய இடங்கள் சிவக்கின்றன. கவனியாமல் விட்டால் வெடித்துப் புண்ணாகி, எலும்பு தெரியுமளவும் ஆழமாகிவிடும். இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை திருப்ப வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வழக்கம். பழைய நாட்களில் சிவந்த இடத்தில் ஸ்பிரிட்டும் பவுடரும் போட்டு நன்றாகத் தேய்க்கும்படி கற்பித்தார்கள். அது அடியிலுள்ள சதையைப் பின்னும் சேதப்படுத்தும் என்பதால் இப்பொழுது சிவந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது என்கிறார்கள். வீட்டில் வயதான பெற்றோரைப் பராமரிக்கும் வாசகர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கவாதத்தால் ஆறு வாரம் படுத்திருந்த ஒருவர் ஒரு புண்ணும் இன்றி வீட்டுக்குப் போகிறார் என்றால், அவ்வெற்றிக்குப் புகைப்படமும் இல்லை, விருதும் இல்லை. உண்டாகாமற்போன புண்ணை யார் காணக்கூடும்? அதைச் செய்தவர்கள் அறிவார்கள். தாதியர் அறையில் அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொள்ளும் பெருமிதத்தை நான் கேட்டிருக்கிறேன்.

இப்பொழுது அந்த மூன்றாவது பதில். வயிற்றில் அறுவை சிகிச்சை செய்யப்பட்ட பின்பு குடல் சில நாட்கள் உறங்கிவிடுகிறது. அது விழித்துக்கொண்டது என்பதற்கு அடையாளம் வாயு பிரிதல். ஆகவே காலையிலும் மாலையிலும் செவிலியர் நோயாளியினிடத்தில் வந்து அதையே விசாரிக்கிறார்கள். மரியாதையுள்ள குடும்பத்தார் வெட்கப்பட்டுத் தலைகுனிகிறார்கள். மூன்றாம் நாள் காலையில், ஓய்வுபெற்ற ஒரு பெரிய அதிகாரி வெட்கத்தோடு "ஆம், ஆயிற்று" என்று தலையசைத்தபொழுது, அந்தச் சகோதரி தன்னையறியாமல் கைதட்டிவிட்டாராம். "உலகத்தில் வேறெந்த வேலையில், ஐயா, இதற்காக ஒருவர் சந்தோஷப்படுவார்?" என்று கேட்டார். நானும் சிரித்துவிட்டேன்.

முதல் நடையையும் பலர் சொன்னார்கள். அறுவை சிகிச்சைக்கு மறுநாள் கட்டிலின் விளிம்பில் உட்காரவைத்து, கால்களைத் தொங்கவிட்டு, தலைசுற்றல் தணியும்வரை காத்திருந்து, தோளைப் பிடித்து எழுப்பி, ஐந்து அடி நடத்துகிறார்கள். நுரையீரலில் சளி கட்டாமலும் காலின் இரத்தக் குழாயில் கட்டி உறையாமலும் இருப்பதற்கு அந்த ஐந்து அடி பெரிதும் உதவுகிறது. நோயாளியோ வலிக்கிறது என்று செவிலியரைத் திட்டுகிறார். மறுநாள் பத்து அடி. திட்டும் பாதியாகக் குறைகிறது.

பிரசவ வார்டில் இருப்பவர்களுக்கு வேறு சந்தோஷம். பிறந்த குழந்தையைத் தாயின் மார்போடு சேர்த்து, முதல் ஒரு மணி நேரத்திற்குள் பால் குடிக்கச் செய்வது அவர்களுடைய பொறுப்பு. எடை குறைவாய்ப் பிறந்த சிசுக்களை இவ்விதமாகத் தாயின் தோலோடு தோலாக வைத்துக் காக்கும் முறை 1978-ஆம் ஆண்டில் கொலம்பியா தேசத்தின் பொகோட்டா நகரில் தொடங்கியது. பிறந்தவுடனேயே இதைத் தொடங்கினால் சிசு மரணம் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு குறைகிறது என்று, இந்தியாவும் நான்கு ஆப்பிரிக்க தேசங்களும் பங்கெடுத்த ஓர் ஆய்வு 2021-ல் காண்பித்தது. இயந்திரம் செய்கிற வேலையைத் தாயின் மார்பு செய்கிறது. அருகே நின்று குழந்தையின் தலையைச் சரியாய்ச் சாய்த்துவிடுவது செவிலியரின் கை.

நம்முடைய பிள்ளைகள் இதையெல்லாம் அந்நிய மொழியில் செய்கிறார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். புனேயின் வார்டுகளில் ஆயாவை "மாவ்ஷி" என்றும், வார்டு பணியாளரை "மாமா" என்றும், மூதாட்டிகளை "ஆஜி" என்றும் அழைக்கிறார்கள். வந்த முதல் மாதத்திலேயே "ஜேவ்லாத் கா?" என்று கேட்கக் கற்றுக்கொள்கிறார்கள், 'சாப்பிட்டீர்களா?' என்பது அதன் பொருள். ஒரு சகோதரி சொன்ன சம்பவம் என் உள்ளத்தில் தங்கிவிட்டது. பக்கவாதத்தினால் பேச்சிழந்த ஓர் ஆஜியின் தலைமுடி வாரக்கணக்கில் சீவப்படாமல் சடையாய்த் திரண்டிருந்தது. வெட்டிவிடலாம் என்றார்கள். இவர் தேங்காய் எண்ணெய் தடவி, பணி நேரத்தின் இறுதியில் தினமும் கொஞ்சமாக, மூன்று மாலைகளில் சிக்கெடுத்துச் சீவிப் பின்னிவிட்டார். மூன்றாம் மாலையில் ஆஜி வாயைத் திறந்து, குழறலாக, "ஆர்சா" என்றார். அதன் பொருள் தெரியாமல் இவர் மாவ்ஷியிடம் ஓடிக் கேட்டார். அது கண்ணாடி.

நவீன செவிலியப் பணிக்கு அஸ்திபாரமிட்ட புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1820 மே 12-ல் பிறந்தவர். அந்நாளே இன்று செவிலியர் தினமாக ஆசரிக்கப்படுகிறது. 1859-ல் அவர் எழுதிய நூல், மருந்தைப் பற்றி அதிகம் பேசுகிறதில்லை. ஜன்னலைத் திறப்பது, சத்தத்தைக் குறைப்பது, மூச்சுக்கு இடமுண்டாகும்படி தலையணையை அடுக்குவது, தக்க வேளையில் உணவைக் கொடுப்பது ஆகியவையே அதன் விஷயங்கள். அதில் ஓர் அதிகாரம் முழுவதும், நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் கூறும் வெற்று நம்பிக்கை வார்த்தைகளையும் அளவில்லாத ஆலோசனைகளையும் கண்டிப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. சபையாராகிய நாம் வாசிக்க வேண்டிய அதிகாரம் அது. பத்துப்பேராய்க் கட்டிலைச் சூழ்ந்துகொண்டு, இதே வியாதியால் இறந்துபோன உறவினரின் கதையைச் சொல்லி முடித்து, பின்பு "தைரியமாயிருங்கள்" என்று கூறிச் செல்லும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழியவில்லை. நாம் போன பின்பு அந்நோயாளியை அமைதிப்படுத்தி உறங்கவைப்பது யாருடைய வேலை என்று நினைக்கிறீர்கள்?

நம் நகரத்தின் சரித்திரத்திற்கு வருவோம். 1848-ல் பிடே வாடாவில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய சாவித்ரிபாய் பூலே அம்மையாரை ஆசிரியையாக எல்லாரும் அறிவர். அவருடைய கடைசி ஊழியம் நோயாளிகளிடத்தில் நடந்தது. 1896-ல் பம்பாயில் தோன்றிய பிளேக் கொள்ளைநோய் விரைவில் புனேக்கும் வந்தது. அவருடைய வளர்ப்பு மகன் யஷ்வந்த் ராணுவத்தில் பணியாற்றிய மருத்துவர். அவரை வரவழைத்து, ஊருக்கு வெளியே ஹடப்சர் பக்கத்தில் நோயாளிகளுக்கென்று ஒரு சிகிச்சையிடத்தை ஏற்படுத்தினார்கள். அப்பொழுது அம்மையாருக்கு வயது அறுபத்தாறு. கணவர் ஜோதிராவ் மறைந்து ஆறு வருஷங்களுக்கு மேலாகியிருந்தது.

அந்தச் சிகிச்சையிடத்தில் என்ன மருந்து இருந்திருக்கக்கூடும்? பிளேக்கின் கிருமியை 1894-ல்தான் கண்டுபிடித்திருந்தார்கள். தடுப்பூசியை 1897 ஜனவரியில்தான் ஹாஃப்கின் பம்பாயில் தம்மீதே சோதித்துக்கொண்டிருந்தார். அந்நோயைக் குணமாக்கக்கூடிய ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943-ல். அப்படியானால், அக்குளிலும் தொடையிடுக்கிலும் கட்டி வீங்கி, காய்ச்சலில் பிதற்றுகிறவனுக்கு 1897-ல் கொடுக்க முடிந்ததெல்லாம் செவிலியம்தான்: வாயில் தண்ணீர், நெற்றியில் ஈரத்துணி, மாற்று விரிப்பு, அருகில் ஓர் ஆள். முண்டுவா கிராமத்தில் நோய் கண்ட ஒரு சிறுவனை, தூக்க ஆளில்லாமற்போகவே, அம்மையாரே முதுகில் சுமந்து சிகிச்சையிடத்திற்குக் கொண்டுவந்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். நோய் அவரையும் பற்றிக்கொண்டது. 1897 மார்ச் 10-ல் மரித்தார்.

அதே மார்ச் மாதத்தில்தான், அரசாங்கம் நியமித்த ராண்டு என்னும் அதிகாரியின் கீழ், ராணுவ வீரர்கள் புனேயின் வீடுகளுக்குள் புகுந்து நோயாளிகளைத் தேடத் தொடங்கினார்கள். அந்நடவடிக்கையின் கடுமை உண்டாக்கிய கொந்தளிப்பும், ஜூன் மாதத்தில் ராண்டு சுடப்பட்டதும் பாடப்புத்தகத்தில் உள்ளவை. தனிமைப்படுத்துதலின் நோக்கம் தவறல்ல; அந்நோய்க்கு அது அவசியமாகவும் இருந்தது. ஆனால் நோயாளியைப் பிடித்துச்செல்லும் கைக்கும், முதுகில் ஏற்றிக்கொள்ளும் கைக்கும் இருக்கும் வித்தியாசத்தை ஒரே நகரம் ஒரே மாதத்தில் கண்டது.

இதற்குப்பின் நூற்று இருபத்துமூன்று ஆண்டுகள் கழித்து, 2020 மார்ச் 9-ஆம் தேதி, மகாராஷ்டிரத்தின் முதல் கொரோனா நோயாளிகள் இதே புனேயில் கண்டறியப்பட்டு, நாயுடு தொற்றுநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அப்பொழுதும் அந்நோய்க்கென்று நிச்சயமான மருந்து கையில் இல்லை. அம்மாத இறுதியில் பிரதமர் அம்மருத்துவமனையின் செவிலியர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து நலம் விசாரித்தார். பயந்திருக்கும் நோயாளிகளை எப்படிக் கையாளுகிறீர்கள் என்ற கேள்விக்கு அவர் கூறிய பதிலின் சாரம் மிகவும் சாதாரணமானது: அவர்களோடு பேசுகிறோம், பயப்பட வேண்டாமென்று சொல்லுகிறோம். கவச உடைக்குள் முகம் தெரியாமல், வியர்வையில் நனைந்து, மணிக்கணக்காய்த் தண்ணீர் அருந்தாமல் நின்றவர்களின் பேச்சு அது.

நான் இதுவரை எழுதியதை வாசித்துவிட்டு, "இவ்வளவு சந்தோஷம் இருக்கும்போது சம்பளத்தைப் பற்றி ஏன் முறையிடுகிறார்கள்?" என்று யாராவது கேட்பார்களானால், அவர்களுக்கு ஒரு வார்த்தை. 2006-ஆம் ஆண்டில் பியாட்ரிஸ் கேலிஷ் என்னும் அமெரிக்கச் செவிலியப் பேராசிரியை, மருத்துவமனைகளில் எவ்வேலைகள் செய்யப்படாமல் விடுபடுகின்றன என்று செவிலியரிடமே கேட்டு எழுதினார். நடக்கவைத்தல், திருப்பிப் படுக்கவைத்தல், வேளைக்கு உணவூட்டுதல், உடல் சுத்தம், நோயாளிக்குக் கற்றுக்கொடுத்தல், ஆறுதல் கூறுதல் ஆகியவை அப்பட்டியலில் இருந்தன. கவனித்தீர்களா? நம் சகோதரிகள் சந்தோஷம் தருவதாகச் சொன்ன வேலைகளே அவை! ஆட்கள் குறைந்தால் ஊசியும் மாத்திரையும் நிற்பதில்லை, பதிவேடும் நிற்பதில்லை. தலைவாருவதுதான் முதலாவது நின்றுபோகிறது. போதனா மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், மற்ற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்தியச் செவிலியர் மன்றத்தின் அளவுகோல். இரவுப் பணியில் எத்தனை பேரைப் பார்க்கிறாய் என்று உங்கள் வீட்டுப் பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள்.

உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் பணித்ததின்பேரில் அமைக்கப்பட்ட குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமலும், இருநூறு படுக்கைக்கு மேற்பட்டவற்றில் அரசுச் செவிலியருக்கு இணையாகவும் ஊதியம் கொடுக்கப் பரிந்துரைத்தது. பரிந்துரை காகிதத்தில் இருக்கிறது. எத்தனை இடங்களில் கைக்கு வந்தது என்பதை உங்கள் சபையின் செவிலியரே சொல்லுவார்கள். காயப்பட்டவனைச் சத்திரத்திற்குக் கொண்டுசேர்த்த சமாரியன், பராமரிப்புக்கென்று பணத்தை முதலாவது எடுத்து வைத்தான். மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொன்னான். பராமரிக்கிறவனின் கணக்கை அவன் மறக்கவில்லை. வெளிநாடு செல்லும் பிள்ளைகளை நான் குறை சொல்லமாட்டேன். அங்கே ஐந்து பேரை மாத்திரம் கவனித்தால் போதும் என்பதற்காகவே போகிற சிலரையும் அறிவேன். அவர்களைப் பணத்தாசைக்காரர் என்று பேசுவது நியாயமல்ல.

இன்னொரு வேலையைச் சொல்லாமல் விட மனமில்லை. அனுபவமுள்ள ஒரு மூத்த சகோதரி, எல்லாரும் பேசி முடித்த பின்பு, தணிந்த குரலில் சொன்னது இது. நோயாளி மரித்தபின், உறவினரை உள்ளே அழைப்பதற்கு முன்னால் அவர் செய்யும் வேலை. குழாய்களை எடுத்து, கண்களை மூடி, விறைப்பு உண்டாகும் முன்னே கைகால்களை நேராக்கி, முகத்தைத் துடைத்து, தாடையின் கீழே துணிச்சுருள் வைத்து, சுத்தமான விரிப்பைப் போர்த்துகிறார். அப்பொழுதும் அவர் நோயாளியின் பெயரைச் சொல்லி, "இப்பொழுது உங்களைத் திருப்பப் போகிறேன்" என்று சொல்லுவாராம், உயிரோடிருந்தபோது சொன்னதுபோலவே. இதில் சந்தோஷம் என்று சொல்ல முடியுமா என்று கேட்டேன். "சந்தோஷம் அல்ல ஐயா. ஆனால் மகள் உள்ளே வந்து முகத்தைப் பார்த்து, 'உறங்குகிறதுபோல இருக்கிறாரே' என்று சொல்லும்போது, அன்றைய வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போக முடிகிறது" என்றார். கொரோனா நாட்களில் உறவினர் முகம் பார்க்கக்கூட வழியின்றி உடல்களைக் கட்டி அனுப்ப நேர்ந்ததே அவரை அதிகமாய் வருத்தியதாம்.

வாசகர்களே, உங்கள் உறவினர் மருத்துவமனையில் இருக்கும்பொழுது, திருப்பிப் படுக்கவைப்பது எப்படி, தலையை எவ்வளவு உயர்த்திக் கஞ்சி ஊட்ட வேண்டும் என்று செவிலியரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். கேட்கிறவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதும் தங்களுக்குப் பிரியமான வேலை என்று பலர் சொன்னார்கள். அவர்களுடைய பெயர் சட்டையிலேயே எழுதியிருக்கிறது. "ஏய் சிஸ்டர்" என்று விரல் சொடுக்கி அழைக்க வேண்டியதில்லை.

சபையாருக்கு ஒரு விண்ணப்பமும் உண்டு. ஞாயிறு ஆராதனையில் கடைசி வரிசையில், பிரசங்கத்தின் நடுவே தலைசாய்ந்து உறங்கும் ஒரு சகோதரியைச் சிலர் விலாவில் தட்டி எழுப்புகிறீர்கள். அவர் காலை எட்டு மணிக்கு இரவுப் பணியை ஒப்படைத்துவிட்டு, வீட்டுக்கும் போகாமல், பேருந்தேறி நேரே வந்தவர். தயவுசெய்து எழுப்பாதிருங்கள். பிரசங்கியாகிய எனக்கு இதில் யாதொரு வருத்தமும் இல்லை. முடிந்தால், பக்கத்தில் இருப்பவர் ஒரு சால்வையை மடித்து அவர் தலைக்கு வையுங்கள்.